ஏசிக்காகப் போட்ட ஓட்டை

விழுப்புரம்
18.2.2025

ஜெசிந்தாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம்.

அஸ்வினிக்கு இது ஐந்தாம் மாதம். இங்கே இரண்டாவது மாடி. தண்ணீர் கீழிருந்து தூக்க வேண்டும். திண்டிவனம் வீடு என் பெயரில்தான் இருக்கிறது. மார்ச் முடிவதற்குள் நீயும் ஜெர்லினும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அங்கேயே இருக்கட்டும். பிரசவ நேரத்தில் அஸ்வினிக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

இரண்டாம் தேதி ஞாயிறு வருகிறேன். உள்ளே பார்த்து, பெயின்ட் அடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

மகளுக்கு முத்தம்.

தென்னரசு

*

திண்டிவனம்
24.2.2025

அன்புள்ள ஜெர்லின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவில்லை.

ஒரு செய்தி. நேற்று பூசை முடிந்து வந்தால், வாசல் நிலைக்கு மேலே தேனீக்கள். போன வருடக் குருத்தோலைச் சிலுவையை அங்கே செருகியிருந்தோமே, அதைப் பிடித்துக்கொண்டு பலாக்காய் அளவுக்குத் தொங்குகின்றன. சாம்பல் புதனன்று நெற்றியில் பூச, எரித்துச் சாம்பலாக்கக் கோயிலில் பழைய ஓலை கேட்கிறார்கள். எப்படி எடுப்பது?

தேன் எடுக்கும் துரைக்கண்ணுவை வரச் சொன்னேன். சட்டைகூடப் போடாமல் அடியில் நின்று பார்த்தார்.

"பயப்படாதம்மா. கூட்டம் பிரிஞ்சு வந்துகீது. வூடு தேடிக்கினு கீது. தோதா எடம் கெடச்சா தானா போய்டும்."

"கொட்டாதா?"

"வூடு இல்லாதப்போ அதிகமா கொட்டாது. வூடு கட்டிடுச்சின்னா அப்புறம் கிட்ட போவ முடியாது."

உங்களை நினைத்துக்கொண்டேன். கல்யாணமான வருடம் பெருமுக்கல் மலையில் உங்கள் கழுத்தில் கொட்டியது ஒன்றே ஒன்று. உதடு நீலமாகி, மூச்சு இழுத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்தபடி படி இறங்கினீர்கள். இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர்.

அன்று நான் கொஞ்சம் மெதுவாக இறங்கியிருக்கலாம்.

ஞாயிறு வாருங்கள். சமைத்து வைக்கிறேன்.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
27.2.2025

ஜெசிந்தா,

மிரட்டிப் பார்க்கிறாய். ஒரு பந்தம் கொளுத்திப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆளை விட்டு எரித்துவிடு.

அஸ்வினி போனில் தேனீ வீடியோ ஒன்று காட்டினாள். கூட்டம் பிரியும்போது வெளியேறுவது பழைய ராணிதானாம். புதிய ராணிக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகுமாம். பூச்சிக்கு இருக்கிற புத்தி என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஞாயிறு வருவேன்.

தென்னரசு

*

ஓமந்தூர்
9.3.2025

தென்னரசு,

நீ வந்தாய். உச்சி வெயிலில் ஹெல்மெட், மழைக்கோட்டு, கையுறை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கவில்லை. எதிர்வீட்டுக் காந்திமதி அக்கா மாடியிலிருந்து கேட்டது உனக்கும் கேட்டிருக்கும். "இன்னா தென்னரசு, மழ வருதா? வத்தல் காயவச்சிகீறேன்!" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உனக்குத் தெரியட்டும்.

"அம்மா, நீ வெளிய வா!" என்று கத்தினாய்.

அத்தை நிலைக்கு அடியிலேயே வந்து நின்றார்கள். தலைக்கு மேலே அத்தனையும். "உன் வூடுதானடா? உள்ள வாயேன். சோறு வச்சிகீது."

நீ வண்டியைத் திருப்பினாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

மறுநாள் தேனீக்கள் ஒரே மூச்சில் எழும்பின. வாசல் முழுக்கச் சுற்றின. பிறகு பக்கவாட்டுச் சுவருக்குப் போய், குடிவந்த முதல் கோடையில் ஏசிக்காக நீ போட்ட ஓட்டைக்குள் வரிசையாக இறங்கின. ஏசி வரவேயில்லை. ஓட்டையை அடைக்கச் சொல்லிச் சொல்லி நானும் விட்டுவிட்டேன். அது படுக்கையறைச் சுவர் அலமாரிக்குள் திறக்கிறது. உன் சட்டைகள் இருக்கும் அலமாரி.

"பொட்டி எடுத்தாந்து புடிச்சிடட்டுமா?" என்றார் துரைக்கண்ணு.

"வேண்டாம்."

"வூட்டுக்காரரு வந்தா பேஜாராயிடுமேம்மா."

"அவருக்காகத்தான் விடறேன்."

காலியான நிலையிலிருந்து ஓலைச் சிலுவையை எடுத்துக் கோயிலில் கொடுத்தேன். புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியபோது, அதில் உன் வாசலும் கொஞ்சம் இருந்தது.

அந்த வீடியோவை நீ முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பழைய ராணி தனியாகப் போவதில்லை. கூட்டத்தில் பாதிக்கு மேல் அதனோடு போகும். வயிறு நிறையத் தேனையும் குடித்துக்கொண்டு.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் பக்கத்தில், இங்கே ஓமந்தூரில், வீடு பிடித்துவிட்டேன். ஜெர்லின் வந்தாள். அத்தையும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

"அவர் கேட்டா இன்னா சொல்றது அத்தை?"

"அவளுக்குத் தொணைக்கு ஆள் வோணும்னு கேட்டான் இல்ல? ஆயிரக்கணக்குல உட்டுட்டு வர்றோம். போதும்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அலமாரியைத் திறக்காதே. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அன்று மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன், இன்று இதைச் சொன்னேன். இனி உன் உயிர் என் பொறுப்பு இல்லை.

வீடு உன்னுடையது. சாவி காந்திமதி அக்காவிடம்.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
11.4.2025

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

ஆள் வைத்து அலமாரியை உடைத்துக் கூட்டை எடுத்தாயிற்று. சுவரில் ஊறிய தேன் வாசம் போகவில்லை. அந்த வாசத்துக்குத் தேனீக்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

அஸ்வினி அந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்கிறாள். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று போயிருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிலைக்கு மேலே சிலுவை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. காந்திமதி அக்கா பார்த்தார்கள். இந்த முறை வத்தலைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல். முடியாவிட்டால் ஜெர்லினை விட்டாவது எழுதச் சொல்.

ஓமந்தூருக்கு இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தனவா?

உன்
தென்னரசு