ஆய்வகத்தில் ஒரு வாலு

டேய் வாலு,

"ஆராய்ச்சி பண்றியா, லாட்டரி சீட்டு சுரண்டறியாக்கா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கிண்டலடித்தாயே, பரிசு விழுந்துவிட்டதடா!

மருந்தைத் தேடி ஒவ்வொரு சேர்மமாகச் செய்து பார்த்தால் ஆயுசு போதாது. அதனால் சில மூலப்பொருள்களை எல்லா விதமாகவும் இணைத்து, ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் செய்து தள்ளினோம். அவற்றில் ஒன்றே ஒன்று, உன்னைப் படுக்க வைத்த அதே கிருமியைக் கண்ணாடித் தட்டில் கொன்றுவிட்டது. அது நான் என் கையால் இணைத்தது!

மாத்திரையாக வர வருஷங்கள் ஆகும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

ஒரு சேர்மத்தைக் கண்டுபிடித்தவரே அதற்குச் செல்லப்பெயர் வைப்பது எங்கள் ஆய்வக வழக்கம். நான் உன் பெயரை வைத்தேன். இப்போது தினமும் காலையில், "வாலு எப்படியிருக்கான்?" என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

"கெட்டியா இருக்கான்" என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்.

அதைப் பொய்யாக்கிவிடாதேடா.

உன் அக்கா