ஒரு ஆளுக்குப் போதுமான தொட்டி

பனச்சமூடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆதிராவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், அதை இந்த முறை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போனில் நான் இரண்டாவது கேள்வியை எடுக்கும்போதே உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது. கடிதத்தை நீ பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும். வீட்டு விலாசம் கேட்டதற்குப் புதிதாக மாறிய ஆஸ்பத்திரியின் விலாசத்தைத் தந்தாய், அதற்கே அனுப்புகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று லாபில் தந்த தாளைக் காட்டினார், மேலே எழுதியிருப்பது அவர் பெயர்தானா என்று வாங்கிப் பார்த்தேன், அவர் பெயர்தான். கடை பரவாயில்லை. போன வாரம் ஒருவன் வண்டி நிறையப் பைப் கொண்டுவந்து, விலை குறைவு, கனம் அதே கனம், இறக்கட்டுமா என்றான். ஒரு நீளத்தை எடை போட்டுப் பார்க்கலாம் என்றேன். அவசரமாகப் போகணும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அப்பா சிரித்துக்கொண்டே, "உனக்கு இந்த லோகத்துல ஆரையும் விசுவாசம் கிடையாது ஸ்ரீகுமாரி" என்றார். சிரிக்கட்டும். பைப் கடையை இத்தனை வருஷம் ஒழுகாமல் நடத்தியது அந்த விசுவாசக் குறைவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை விஷு கழிந்து ஒரு நாள் நீ கூப்பிட்டு, கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி உள்ளேயே தங்குகிற பழைய கேரவன் வண்டி வாங்கியிருக்கிறாள், அதன் சிங்க்கிலிருந்து போகும் வேஸ்ட் பைப் அடிக்கடி கழன்று விழுகிறது, எப்படி இணைப்பது என்று கேட்டாய். எனக்கு முதலில் சந்தோஷம்தான். படிக்கிற காலத்தில் கடைக்கு வா என்றால் பசை நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிற பெண், இப்போது என் தொழிலைக் கேட்கிறாளே என்று. வீட்டுக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போனேன், சமையலறைக்கு இந்த அளவு, கக்கூஸுக்கு நாலு இஞ்ச், எங்கும் சரிவு குறையாமல் இருக்க வேண்டும், நேர் மூலையாகத் திருப்பாமல் சாய்வாகத் திருப்ப வேண்டும் என்றெல்லாம். நடுவில் நீ கேட்டாய், ஒரு ஆளுக்கு எவ்வளவு பெரிய கழிவுத் தொட்டி போதும் என்று. உன் தோழி தனியாகவா இருக்கிறாள் என்றேன். நீ சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு ஆமாம் என்றாய். நீ பேசாமல் இருந்த அந்த நேரத்தில் போனில் உன் பக்கம் தகரத்தின் மேல் மழை விழும் சத்தம் கேட்டது. கல்யாணம் கழிந்து நீயும் ஜித்தினும் குடியிருப்பது அடுக்குக் கட்டடத்தின் நடு மாடியில், தலைக்கு மேலே வேறு ஆட்கள் நடக்கும் சத்தம் தாங்க முடியவில்லை என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். நடு மாடியில் மழை எப்படி மகளே சத்தம் போடும்? அன்றைக்கு நான் கேட்கவில்லை. அதன் பிறகு வீடியோவில் வரும்போதெல்லாம் உன் முகத்தை விட்டுவிட்டு உன் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தொடங்கினேன். முன்பு வெள்ளைச் சுவர் இருக்கும். இப்போது எந்த நேரம் கூப்பிட்டாலும் ஒரே மரக் கதவு, அதில் பித்தளை நிறத்தில் வட்டமாக ஒரு பொத்தான். ஜித்தின் எங்கே என்று கேட்டால் எப்போதும் நைட் டியூட்டி. ஒரு மனிதனுக்குப் பகலே வராதா?

பிறகு ஜித்தின் கடைக்குப் போன் செய்தான். கல்யாணம் கழிந்த நாளிலிருந்து அவனாக எனக்குக் கூப்பிட்டது இல்லை. குரலில் நல்ல பாசம். "அம்மே, ஆதிராவுக்கு ஒரு சாதனம் அனுப்பணும், அவ இப்ப மாறின ஆஸ்பத்திரிக்க பேர் ஒண்ணு சொல்லுங்க, எனக்கு மறந்து போச்சு" என்றான். கூடப் படுத்து எழும்புகிற பெண்டாட்டியின் ஆஸ்பத்திரியைக் கடல் கடந்து மாமியாரிடம் கேட்கிறான். கண்ணாடி எடுக்காமல் வந்துவிட்டேன் மக்கா, எழுதி வைத்ததை வாசிக்க முடியாது என்றேன். அவளுக்கு எந்த நேரம் டியூட்டி முடியும் என்று கேட்டான். "அது உனக்குல்லா தெரியணும், நீயல்லவா கூட இருக்கிய" என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னால், பாவம் பையன், ஏதாவது பரிசு அனுப்பி உன்னைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறான் என்பார் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

அந்தச் சமயத்தில் கடையில் சில சாமான்கள் குறைந்தன. இரண்டு பைப்பை இணைக்கும் ரப்பர் வளையம் வைத்த கப்ளிங், சிங்க்குக்கு அடியில் மாட்டும் டிராப், பைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், இப்படி. விற்றிருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. கடையில் நிற்கும் ரெஜிலாவைக் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "மாமி, நான் எடுக்கல்ல. மாமன் எடுத்து பெட்டியில பொதிஞ்சத கண்டேன். அவருட்ட கேளுங்க" என்றாள். கேட்டேன். வெள்ளறடையில் ஒரு ஆளுக்குக் கொடுத்ததாக உன் அப்பா சொன்னார். ஆள் பெயர் கேட்டதும் தயங்காமல் சொன்னார். தன் சொந்த மச்சானின் பெயருக்கே தலையைச் சொறிகிற மனிதர், ஒரு கப்ளிங் வாங்கினவன் பெயரை இத்தனை வேகமாகச் சொன்னால் நான் என்ன நினைப்பது? ரெஜிலாவிடம் மட்டும் அன்றைக்கே, நான் கேட்டது தப்பு பிள்ள, மனசில வைக்காத என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, இப்போது சரியாகிவிட்டாள்.

எல்லாவற்றையும் தெளிய வைத்தது லிண்டோவின் வண்டி. காஞ்சிரங்குளத்துக்காரன், அவன் அப்பாவுக்குக் கடல் வேலை, இவன் ஒரு பழைய வேனைக் கேரவனாக்கி டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு போகிறான். உள்ளே நாற்றம் தாங்க முடியாமல் வந்தவர்கள் பாதி வழியில் இறங்கிவிட்டார்கள் என்று கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, புது பைப்பாக்கும், புது சிங்க்காக்கும், பின்ன எப்படி நாறுது?" என்று என்னிடம் சண்டைக்கு வருவது போலக் கேட்டான். உள்ளே ஏறிப் பார்த்தேன். சிங்க்கும் அதன் சாமான்களும் வெளிநாட்டிலிருந்து, நீ இருக்கும் அதே நாட்டிலிருந்துதான், வரவழைத்தவை. மீதி வேலையை இங்கே யாரோ வீட்டுக்குச் செய்வது போலச் செய்திருக்கிறான். வீட்டில் டிராப்பின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தை மேலே விடாமல் தடுக்கும். ஓடுகிற வண்டியில் அந்தத் தண்ணீர் குலுங்கிச் சிந்திப்போகும், அப்புறம் தொட்டி நாற்றம் நேரே மூக்குக்கு வரும். இணைப்பு ஒன்றும் ஆடிக்கொண்டிருந்தது. 32 மில்லி என்று அச்சடித்த வெளிநாட்டுப் பைப்பில் நம் ஊர் 32 கப்ளிங்கைத் தட்டி ஏற்றப் பார்த்திருக்கிறான். அளந்து பார்த்தேன், அந்த நாட்டு 32 நம் 32 இல்லை, கொஞ்சம் தடிமன் கூடுதல். எண் ஒன்று, அளவு வேறு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணெதிரே மர அலமாரி, கதவில் பித்தளை நிறத்தில் வட்டப் பொத்தான். வண்டி ஓடும்போது கதவு திறந்து போகாமல் இருக்க அமுக்கிப் பூட்டுகிற பொத்தான், கேரவனில்தான் வைப்பார்களாம், லிண்டோ சொன்னான். நான் அங்கே கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காலை நீட்டினால் எதிர்ச் சுவரில் இடித்தது. உன் நீளத்துக்கு நீ இதில் எப்படிக் கிடக்கிறாய் என்றுதான் முதலில் தோன்றியது. லிண்டோ பயந்துபோய்ச் சோடா வாங்க ஓடினான்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, ஆதிரா வண்டியிலதான இருக்கா என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் பொய் ஒரு தடவைதான் வரும், இரண்டாம் தடவை வராது. நீ ஜித்தினை விட்டு வந்து மாசங்கள் ஆயிற்று என்றார். நீ கடைக்குப் போனால் யாரோடு போனாய், போன் ஏன் இத்தனை நேரம் பிசி, டியூட்டி முடிந்து வர ஏன் தாமதம் என்று தினமும் அவன் விசாரணை என்றும், கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒளிந்து நின்று பார்க்கத் தொடங்கினான் என்றும், வீட்டுச் சாவியை அவனே வைத்துக்கொண்டான் என்றும் சொன்னார். அங்கே வாடகைக்கு இடம் கிடைக்காமல் பழைய கேரவனை வாங்கினாய் என்றும் சொன்னார். இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவதான் சொல்லாண்டாம்னு சொன்னா. அம்மையும் ஜித்தினும் ஒரே கேள்வியத்தான் கேப்பாவ, எனக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல சீவன் இல்லன்னு சொன்னா" என்றார்.

மகளே, அதைக் கேட்டு நான் எழுந்து அடுக்களைக்குப் போய்ச் சோறு வடித்தேன். அழவில்லை. கோபம் வந்தது, முதலில் உன் மேல், பிறகு அவர் மேல், பிறகு யார் மேல் என்று தெரியவில்லை. நான் கேட்கிற கேள்வியும் அவன் கேட்கிற கேள்வியும் ஒன்றுதானா என்று படுத்துக் கிடந்து யோசித்தேன். வார்த்தை ஒன்றாக இருக்கலாம். அவனுக்கு நீ எங்கேயும் போய்விடக் கூடாது என்று கவலை. எனக்கு நீ போகிற இடத்தில் உனக்கு ஒன்றும் வரக் கூடாது என்று. ஆனால் கேட்கப்படுகிறவளின் காதில் இரண்டும் ஒரே மாதிரித்தான் விழும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதனால் இந்தக் கடிதத்தில் ஏன், எப்போது, எப்படி என்று ஒன்றும் கேட்கப் போவதில்லை.

பைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் எனக்கு அதிகாரம் உண்டு. அப்பா அனுப்பின பெட்டியில் உள்ள கப்ளிங் எதையும் மாட்டாதே. பாசத்தில் அனுப்பினார், அளக்காமல் அனுப்பினார். முதலில் மாட்டினதுபோலத் தோன்றும், நாலு நாளில் கழன்று நீ தூங்கும் இடத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும். பைப்பின் வெளி விட்டத்தை நீயே அளந்து, அதைக் கையோடு கொண்டுபோய் அந்த ஊர்க் கடையிலேயே பொருந்துவதை வாங்கு. கடைக்காரன் சேரும் என்று சொன்னால் போதாது, அங்கேயே சேர்த்துக் காட்டச் சொல். வளைகிற சுருள் பைப் சுலபம் என்பார்கள், அதன் மடிப்பில் சோற்றுப் பருக்கை தங்கி அழுகும், உள்ளே வழுவழுப்பான பைப் எடு. பசை போட்டு ஒட்டாதே, நாளைக்குக் கழற்ற வேண்டிவரும், திருகி மூடுகிற இணைப்பு போடு. தண்ணீர் வேண்டாத, உள்ளே ரப்பர் நாக்கு வைத்த டிராப் உண்டு, லிண்டோவுக்கு அதைத்தான் வரவழைத்துப் போட்டுக் கொடுத்தேன், நாற்றம் நின்றுவிட்டது. பைப் எங்கும் தொய்ந்து தொங்கக் கூடாது, குலுக்கத்தில் ஆடாமல் கிளாம்ப் போடு. குளிர் தொடங்கும் முன் தொட்டியை முழுக்க வடித்துவிடு, உள்ளே கிடக்கும் தண்ணீர் உறைந்தால் பைப் பிளந்துவிடும். ஒரு ஆளுக்கு எவ்வளவு பெரிய தொட்டி என்று கேட்டாயே, சின்னதே போதும், ஆனால் நிறைகிறதா என்று தினமும் பார்.

இன்னொன்று நடந்தது, அதையும் நீ அறிந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஜித்தினின் அப்பா செல்லையன் கடைக்கு வந்தார். நல்ல வேட்டி, கையில் பழப்பொதி. பிள்ளைகளுக்குள் ஏதோ சண்டை, விலாசத்தைத் தந்தால் ஜித்தின் போய்ச் சமாதானமாகக் கூட்டிக்கொண்டு வருவான், நாலு பேர் அறிவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். பேச்சு மெத்தென்று இருந்தது. உன் அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது, வாயைத் திறந்துவிட்டார், அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எனக்க மோளு எங்க இருக்கான்னு எனக்கு தெரியும் அண்ணே. உங்களுக்கு தெரியாண்டாம்" என்றேன். எங்க மேல அவ்வளவு சந்தேகமா என்று கேட்டார். "ஆமா, சந்தேகம்தான்" என்றேன். பழத்தையும் எடுத்துக்கொண்டு, போட்ட சாயாவைக் குடிக்காமல் போய்விட்டார். ஜங்ஷனில் இரண்டு நாளாக இதுதான் பேச்சு. பேசட்டும், அவர்கள் வீட்டுப் பைப்பும் ஒரு நாள் அடைக்கும், என் கடைக்குத்தான் வர வேண்டும்.

அவரிடம் நான் சொன்னது முழு உண்மை இல்லை. ஆஸ்பத்திரி பெயர் தெரியும், அதற்கு மேல் உன் வண்டி எங்கே நிற்கிறது, எந்த வழியாக வேலைக்குப் போகிறாய் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். நீயும் சொல்லாதே. எனக்குத் தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லாதே, அவரிடம் ஒரு பழம் நீட்டினால் போதும். உன்னோடு வேலை செய்கிற நல்ல பெண் ஒருத்திக்கு மட்டும் சொல்லி வை, ஒரு நாள் நீ வேலைக்கு வராவிட்டால் தேடி வர ஒரு ஆள் வேண்டும். தினமும் ஒரு தடவை எனக்கு ஒரு மெசேஜ் போடு, வார்த்தை ஒன்றும் வேண்டாம், ஒரு புள்ளி வைத்தால் போதும். புள்ளி வந்தால் நான் தூங்குவேன். பதிலுக்கு நான் ஒன்றும் கேட்க மாட்டேன், என்னை நம்பு.

கடவுள் உன் தலைக்கு மேலே இருக்கட்டும், உன் கதவின் பூட்டு உறுதியாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கம்பளி போர்த்திக்கொள். கழிவுத் தொட்டியை மறக்காதே.

என்றும் உன் அம்மா,
ஸ்ரீகுமாரி