கருகிய ஸ்பீக்கர் பற்றிச் சின்னவளுக்கு

நேற்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் அம்மா, உன் அத்தை, மேல்வீட்டு வக்கீல். நீ வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. "என்ன சார், உங்க பொண்ணு வாங்கின ஸ்பீக்கர் வாயே திறக்காதா?" என்றார் வக்கீல். வீட்டு மானம் போகிறதே என்று எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகினேன். பாட்டு கரகரத்தது, ஒரு பக்கம் அடங்கிப்போனது. நீதான் ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறாய் என்று நினைத்து, நீ வந்ததும் அவர் முன்னாலேயே திட்டினேன்.

இன்று மெக்கானிக் பிரித்துக் காட்டினார். பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கரியாகக் கிடந்தது.

"சத்தமா வைக்கலாம் ஐயா. கரகரன்னு வந்தா உடனே குறைச்சிடணும். பாஸ், ட்ரெபிள் குமிழ் ரெண்டும் நடுவுலயே இருக்கட்டும். யாரோ எல்லாத்தையும் ஒரேயடியா முறுக்கியிருக்காங்க," என்றார். அந்த யாரோவாகிய நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

புதுச்சுருள் வாங்க அவருடன் கடைக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. நேற்றுப்போல் சாப்பிடாமல் படுக்காதே.

பி.கு: அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் சாவி இல்லை, கதவைத் திறந்துவிடு.

இன்னொன்று. ஸ்பீக்கரை நீ கெடுத்தாய் என்று மாடி முழுக்கப் பேச்சாம். அது பொய். கெடுத்தது நான். வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.