நீயாக ஒதுங்கவில்லை

இன்று காலை ஒருவர் கடைக்கு வந்து, கோடோ கட்டமோ இல்லாத நீலச் சட்டைத் துணி கேட்டார். துணிக்கட்டைப் பிரித்ததும் புதுத் துணியின் கஞ்சி வாடை எழுந்தது. அதோடு நீயும் நினைவில் வந்துவிட்டாய். சேலம் கடைவீதியில் இருக்கும் என் ஜவுளிக் கடையில் அந்த நீலத்தை உன்னளவுக்கு வாங்கியவர் யாரும் இல்லை. "கோடு போட்ட சட்டை கேமராவுல மினுங்குதாம் பாய். இந்த டிவிக்காரங்களுக்குச் சட்டையில இருக்கற கோடுதான் பிரச்சினை" என்று சிரிப்பாய். அப்போது அது வெறும் கேலிதான்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவன் நீ. அரசியல் கட்டுரைகள் எழுதி எழுதியே தொலைக்காட்சி விவாதங்களில் 'அரசியல் விமர்சகர்' ஆகிவிட்டாய். சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சேலத்திலேயே ஒரு தொலைக்காட்சியின் சின்ன அறையில் கேமரா முன்னால் உட்கார்ந்தால் போதும். மதியம் பஸ்ஸில் வந்து இறங்கி என் கடையில் டீ குடிப்பாய். நான் பிற்பகல் அஸர் தொழுகை முடித்துத் திரும்பும்போது பெரும்பாலும் போனில் இருப்பாய். விவாதத்துக்கு ஆள் பிடிக்கும் ஒருங்கிணைப்பாளர் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது எனக்கே காதில் விழும்: "சார், இன்னைக்கு ஆதரவா, எதிர்ப்பா? எதிர்ப்புல ஒரு சீட்டுதான் இருக்கு." நீ போனை வைத்துவிட்டு, "சினிமா டிக்கெட்டு விக்கறவனாட்டமே கேக்கறான் பாய்" என்பாய்.

ஆனால் உட்கார்ந்த பிறகு நீ யாருடைய சீட்டையும் நிரப்பியதில்லை. பேசப்போகும் விஷயத்தில் யாருக்கு என்ன ஆதாயம் என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பாய். உனக்கு ஆதாயம் இருந்தால் அதையும் மறைக்க மாட்டாய். "எனக்கும் கோழிப்பண்ணை இருக்குதுங்க, அத மனசுல வெச்சுக்கிட்டு நாஞ் சொல்றதக் கேளுங்க" என்று நீ கும்பிட்டபோது நெறியாளருக்கே சிரிப்பு வந்தது. ஏனப்பா இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, "எங்கூர்ல எவன் பண்ணை முட்டைன்னு கேக்காம எவனாச்சும் வெலை பேசுவானா?" என்றாய்.

பிறகு அந்தத் தொலைக்காட்சி கைமாறியது. வாங்கியவர்களுக்குப் பெரிய கோழித் தீவன ஆலைகள் உண்டு. கொஞ்ச காலம் எதுவும் மாறவில்லை. மேசை புதிதானது, இசையின் சத்தம் கூடியது, அவ்வளவுதான். வெளிநாட்டு மக்காச்சோளத்துக்கு இறக்குமதி வரியைக் குறைக்கலாமா என்று ஒருநாள் விவாதம் வந்தது. நான் கடையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உன் வழக்கப்படியே தொடங்கினாய்.

"வரி கொறஞ்சா தீவனம் வெலை எறங்கும். பண்ணை வெச்சிருக்கற எனக்கும் லாபந்தானுங்க. இந்த டிவி மொதலாளிக்குத் தீவன மில்லு இருக்குது, அவருக்கு இன்னும் பெரிய லாபம். சோளம் போட்ட வெவசாயிக்குத்தான் அடி. இத்தனையுஞ் சேத்து நெனச்சுக்கிட்டு எங்க பேச்சைக் கேளுங்க."

நெறியாளர் சட்டென்று விளம்பர இடைவேளை விட்டார். இடைவேளை முடிந்தபோது உன் முகம் இருந்த கட்டத்தில் வேறொருவர் இருந்தார். இணைப்பில் கோளாறு என்றார்கள்.

மறுநாள் விவாதத்துக்கு அழைக்கும் போன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்காவது ஏதாவது பேசியிருக்கலாம். அவர்கள் உன்னோடு சண்டைகூடப் போடவில்லை. மற்ற சேனல்களும் உன்னை மறந்தாற்போல இருந்துவிட்டன. உன் இடத்துக்கு வந்தவரின் பெயருக்குக் கீழே 'பொருளாதார விமர்சகர்' என்று போட்டார்கள். அவர் அதே ஆலைகளுக்கு ஆலோசகர் என்பதை மட்டும் எங்கேயும் போடவில்லை. அவர் நடுநிலை பற்றிப் பேசத் தொடங்கினாலே போதும். ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவேன்.

ஊர்ப் பேச்சு அதைவிட மோசம். "ஏனுங்க, டிவில காணமுங்க? பொட்டி வாங்கிட்டு அமைதியாயிட்டீங்களாட்ட இருக்குது" என்று டீக்கடையில் உன் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நல்ல மனதுக்காரர்கள், உடம்பு முடியாமல் நீயே விலகிக்கொண்டாய் என்று பரிவாகச் சொன்னார்கள். பெட்டிப் பேச்சைக்கூட நீ தாங்கிக்கொண்டாய், அந்தப் பரிவைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னாய்: "நானா எந்திரிச்சு வரலை பாய். யாராச்சும் கேட்டா அத மட்டும் சொல்லிப்போடு."

நீ இறந்த பிறகு யார் வந்து கேட்டார்கள் தெரியுமா? அதே தொலைக்காட்சிதான். உனக்கு அஞ்சலி நிகழ்ச்சியாம். நண்பர் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். முதலில் துரத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, உனக்காகச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. மைக்கைப் பிடித்து நிதானமாகச் சொன்னேன்: "ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அவருக்கு உடம்பு முடியல, அவராவே விவாதங்கள்ல இருந்து ஒதுங்கிக்கிட்டாரு. இது முழுப் பொய். முதலாளிக்கு என்ன லாபம்னு சொன்னதுக்காக அவரைக் கூப்பிடாம விட்டாங்க." வந்திருந்த நிருபர் முகம் சுளிக்கவில்லை. "அருமையாச் சொன்னீங்க சார்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஒளிபரப்பானது. உன் படத்துக்கு மாலை, சோகமான இசை, அதற்கு நடுவில் என் முகம். என் வாய் சொன்னது இவ்வளவுதான்: "அவருக்கு உடம்பு முடியல, அவராவே விவாதங்கள்ல இருந்து ஒதுங்கிக்கிட்டாரு." முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அடுத்து அந்த ஆலோசகர் வந்து, உன் துணிச்சல் யாருக்கும் வராது என்று தழுதழுத்தார்.

நிருபருக்குப் போன் செய்தேன். "எடிட்டிங்ல நேரம் பத்தலைங்க சார்" என்றார். போனை வைத்ததும் உன் வீட்டிலிருந்து அழைப்பு. "ஏனுங்ணா, நீங்களே இப்படிச் சொல்லிப்போட்டீங்க?" என்றாள் உன் மனைவி. மறுநாள் நாமக்கல்லுக்குப் போய் அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நா நம்பறேனுங்ணா. ஊரு டிவியத்தானுங்களே நம்பும்" என்றாள்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வெட்டிப்போட்ட மீதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வியாபாரத்தைப் பாருங்கள் என்று வீட்டில் திட்டுகிறார்கள். இன்று அந்த நீலத் துணிக்காரரிடமும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "அட போங்க பாய், நீங்களே உங்க வாயால சொன்னதை நான் என் கண்ணால பாத்தேனே" என்று துணியை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். நான் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, "அது பாதிதாங்க!" என்று கூவிக்கொண்டே அவர் பின்னாலேயே தெருவுக்கு ஓடினேன்.