ஏறாத காருக்கு ஓர் ஊதுகுழல்

மாதா துணை

பம்பாய்,
12-3-1968

அன்புள்ள பாக்கியமேரிக்கு,

நான் சுகம். பென்னாகரத்தில் நீயும் அம்மாவும் நலந்தானே? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே முதலாளியோடு தினமும் மல்லுக்கட்டுதான். கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற குழாயை அகலமாக்கினால் கார் பறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம் என்று நான் கத்தியும் கேட்காமல் மாற்றவைத்தார். சமமான ரோட்டில் பறந்தது நிஜம். மலையேறும்போது வண்டி மெதுவாகப் போகுமல்லவா? அப்போது எஞ்சின் இழுக்கிற கொஞ்சக் காற்றுக்கு அந்த அகலத்தில் வேகமே இல்லை. எஞ்சின் திணறி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளியவன் நான்தான். முழங்காலில் லேசான சிராய்ப்பு, பயப்படாதே.

உன்னிடம் சொன்னால், "அவ்ளோ அகலக் குழாயில ஊதுனா அடுப்பு எப்படிங்க எரியும்?" என்று சிரிப்பாய். இந்த மனிதரின் மண்டையில்தான் ஏறவில்லை. பழைய குழாயை மாட்டவும் விடமாட்டாராம். கார் மலையேறும்வரை எனக்கு ஈஸ்டர் லீவும் கிடையாதாம்!

பக்கத்து வீட்டுப் பிலவேந்திரன் இங்கே வரும்போது நம் வூட்டு ஊதுகுழலைக் கொடுத்தனுப்பு. முதலாளிக்குக் காட்டத்தான்.

ஷெட்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். புதிதாக ஒன்று வாங்கி அனுப்பிவிடாதே. தினமும் நீ வாய்வைத்து ஊதுகிறாயே, அதுதான் வேண்டும்.

உன்
ஸ்தனிஸ்லாஸ்