நுரை பொங்கிய நாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், பார்லரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால் முழுதாக எழுதுகிறேன். நீயும் நிதானமாக உட்கார்ந்து படி.

ஊர்த் தண்ணீர் மாறியதை ஏற்கெனவே சொன்னேன் அல்லவா? ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் விட்டதிலிருந்து வீட்டில் எதுவும் பழைய மாதிரி இல்லை. கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் பூச்சு. ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டன, மீதி ஓட்டைகள் என்னை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டுகின்றன. கண்ணாடி டம்ளரை எத்தனை தடவை கழுவினாலும் யாரோ குடித்து வைத்த மாதிரியே இருக்கிறது.

வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம். பார்லரில் என்ன செய்வது? பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஷாம்பு நுரைக்கவில்லை. பட்டுபோன்ற கூந்தலோடு வந்த பேங்க் மேனேஜரம்மா, துடைப்பத்தோடு திரும்பிப் போனாள். போதாததற்குப் பக்கத்து லாண்டரியில் துவைத்து வரும் நம் கடைத் துண்டுகள். சுவரில் சாய்த்து வைத்தால் தானாக நிற்கும், அப்படி ஒரு விறைப்பு.

லாண்டரிக்காரரை நீ பார்த்திருக்கிறாய். போனமுறை வந்தபோது உன் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாரே, அவர்தான். மனைவியை இழந்தவர், மாடியில் நமக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். தெருவில் எல்லோரும் அவரைக் ‘கஞ்சி’ என்றுதான் சொல்வார்கள். சட்டைக்குப் போடுகிற கஞ்சியை முகத்துக்கும் போட்டுக்கொண்டவர் மாதிரி சிரிக்கவே மாட்டாராம்.

ஒருநாள் துண்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போனேன். “இது துண்டா, உப்புத்தாளா? நீங்க துணிய அலசுறதே இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் அசரவில்லை. “உங்க கடையில தலை அலசிட்டு வந்த எங்க அக்காவைப் பாத்து அவங்க வீட்டு நாயே குரைச்சுது மேடம். மொதல்ல உங்க ஷாம்புவக் கவனிங்க” என்றார். அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது. துண்டு மூட்டையை அவர் வாசலில் வைப்பேன், அவர் என் வாசலில் வைப்பார். அவ்வளவுதான்.

பிறகு என் ஹீட்டரும் அவர் ஹீட்டரும் ஒரே வாரத்தில் மண்டையைப் போட்டன. பிளம்பர் இரண்டையும் கழற்றி, இரு கடைக்கும் பொதுவான பின்பக்க நடையில் அருகருகே வைத்தார். இரண்டுக்குள்ளும் கம்பிச் சுருள் தெரியாதபடி அதே வெள்ளைக் கல். “ஒரே குழாய்த் தண்ணி. இதுல ரெண்டு பேருக்கும் என்னங்க சண்டை?” என்றார் பிளம்பர். நான் அந்தக் கல்லைப் பார்த்தேன், கஞ்சி தன் செருப்பைப் பார்த்தார். “மேடம், அந்த நாய் விஷயத்தை நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிட்டேன்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இருவரும் சேர்ந்து தண்ணீரின் உப்பை எடுத்து மென்மையாக்கும் மெஷின் ஒன்றை அந்த நடையில் வைத்தோம். உப்புத் தண்ணீர் வேண்டாம் என்றுதானே வாங்கினோம், அதற்கே மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டுமாம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மெஷின் ஓடிய முதல் நாள்தான் நான் சொல்ல வந்த நாள். பழக்க தோஷத்தில் மேனேஜரம்மா தலையில் வழக்கம்போல் ஷாம்புவைக் கொட்டிவிட்டேன். நுரை பொங்கியது பார், அவள் முகமே காணாமல் போய்விட்டது. அலச அலச இன்னும் வருகிறது. அவளோ உள்ளேயிருந்து, “போதும்னு மட்டும் சொல்லிடாதீங்க!” என்று சிரிக்கிறாள். அந்த நேரம் பின்பக்கம் ஏதோ சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் லாண்டரிக் கதவுக்கு அடியிலிருந்து நுரை ஊர்வலமாக வருகிறது. அவரும் பழைய அளவில் சோப்புத்தூள் போட்டிருக்கிறார். நடுவில் மனிதர் முழங்கால்வரை நுரையில், கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். எதைப் பெருக்குவது என்று தெரியவில்லை. நான் ஓரடி வைத்தேன், வழுக்கியது. அவர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கையைப் பிடித்துவிட்டார். பிறகு இருவரும் சிரித்தோம், வயிறு வலிக்கும்வரை. அவருக்கு வலது கன்னத்தில் குழி விழும் என்று இந்தத் தெருவில் யாருக்குமே தெரியாது.

மேடம், அக்கா, ஆன்ட்டி, அம்மா என்று ஆளுக்கொன்றாக என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்பா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது சாயங்காலம் கடை மூடியதும் அவர் வந்து டீ குடிக்கிறார். அப்பாவைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன், அலுக்காமல் கேட்பார். அவர் மனைவியைப் பற்றி அவர் சொல்வார். நேற்று எழுந்து போகும்போது, “மாடியில நடுச் சுவத்துல ஒரு கதவு வெச்சா என்னங்க?” என்றார். துண்டு கொண்டுவர வசதியாக இருக்கும் என்றா கேட்கிறீர்கள் என்றேன். “துண்டுக்கு இல்லீங்க” என்றார். அப்புறம் காது சிவக்க, “உங்க பொண்ணு சரின்னு சொன்னாத்தான் கொத்தனாரைக் கூப்பிடணும். அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மடமடவென்று போய்விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கோபம் வந்தால் கோபமாகவே எழுது. நான் உன் அம்மா, தாங்கிக்கொள்வேன். ஆனால் பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் எந்நாளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஏதாவது பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிடும் நிலை உனக்கு ஒருநாளும் வரக்கூடாது, கண்ணு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா