இடது காலின் ஒன்றரை அங்குலம்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மைத்துனி எழுதுவது. அக்காவும் அத்தையும் சுகம். பாப்பா எங்கள் எல்லோரையும்விடச் சுகம். அவள் கத்தினால் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கப்பல் பட்டறையில் வெயில் கடுமை என்று அக்கா சொன்னாள். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பெரிய சேதி இதுதான். அக்கா விமானத்தில் போகலாம் என்று டாக்டர் நேற்று கடிதம் கொடுத்துவிட்டார். வரும் வியாழக்கிழமை விமானம். இந்த முறை நிஜமாகவே வருகிறோம்.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் என் குரலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால்தானே எட்டாவதோடு நின்று தையல் கடைக்குப் போனேன். அதோடு, இந்த ஐந்து மாதமாக நான் போனை எடுத்தால் நீங்கள் "அக்காகிட்ட குடு" என்பதோடு சரி. அது நியாயம்தான். பிரசவத்தின்போது அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்கேயே வீடு பார்த்து, தொட்டில்கூட வாங்கி வைத்திருந்தீர்கள். நான் வாயைத் திறந்ததால் அக்காவை விமானத்தில் ஏற்றவில்லை என்றுதான் உங்களிடம் சொன்னார்கள். அது பாதிக் கதை. மீதியைச் சொன்னால் நீங்கள் அங்கே தனியாகக் கிடந்து கலங்குவீர்கள் என்று அக்கா மறைத்துவிட்டாள். இப்போது எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற டாக்டர் கடிதம் கேட்பார்கள், அதை வாங்கப் போனால் டாக்டர் போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்று நாம் எல்லோருமே பயந்தோம். "லூசா ஒரு கவுன் தச்சுப் போடு, கேட்டா அஞ்சு மாசம்னு சொல்லச் சொல்லு" என்றீர்கள். தைத்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி, மார்புக்குக் கீழே பதினெட்டு மடிப்பு. அக்கா போட்டுக்கொண்டு நின்றதும் அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏண்டி, உள்ள புள்ள இருக்கா, எறங்கிப் போயிடுச்சா?" என்றார்.

விமானத்தில் குளிருமே என்று உள்ளே போடக் காலை ஒட்டினாற்போல் ஒரு பேன்ட்டும் தைத்தேன். எங்கள் கடையில் ஒரு காலை மட்டும்தான் அளப்போம். வலது கெண்டைக்காலை அளந்து இரண்டையும் வெட்டினேன். புறப்படுகிற அன்று காலையில் போட்டால் வலது கால் போகிறது, இடது கால் ஏறவில்லை. "தைக்கத் தெரியலன்னா ஒத்துக்கோயேண்டி, விமானம் என்ன உனக்காக நிக்குமா?" என்று அத்தை கத்தினார். அவசரமாகத் தையலைப் பிரித்து விட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அளவு நாடா வைத்துப் பார்த்தேன். வலது பதின்மூன்றரை அங்குலம், இடது பதினைந்து. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்றாள் அக்கா. வீங்கினால் இரண்டும்தானே வீங்க வேண்டும்? வண்டியில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்?

விமான நிலையத்தில் வழியனுப்ப அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் அத்தையும் அக்காவோடு உள்ளே போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் எத்தனை மாதம் என்று கேட்டாள். அக்கா அஞ்சு என்றாள். அந்தப் பெண்ணும் நம்பிச் சீட்டு அடிக்கப் போனாள். அக்கா வலது பாதத்தால் இடது காலைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஏழரை மாசம். இடது காலு ஒண்ணரை அங்குலம் கூட இருக்கு" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. அத்தை என் கையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. "அங்குலமா?" என்று அந்தப் பெண் விழித்தாள். நான் பையிலிருந்து நாடாவை எடுத்து, அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, அக்காவின் இரண்டு காலையும் அளந்து காட்டினேன்.

அங்கிருந்த டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். காலின் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியிருந்தது, அத்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இரத்தம் சீக்கிரம் உறையுமாம். ஆறு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் இன்னும் கூடுமாம், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகுமாம். "இந்தப் பொண்ணு மட்டும் சொல்லலேன்னா" என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் ஓர் ஊசி. பாப்பா பிறந்து ஆறு வாரம் வரை நான்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு காலையும் அளந்து எழுதி வைத்தேன். போன ஞாயிறு வலது பதின்மூன்றேகால், இடது பதின்மூன்றேகால்! நோட்டைப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை, இறுக்கமான காலுறை, நிறையத் தண்ணீர், மணிக்கொரு தடவை எழுந்து நடை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நடக்க வைப்பது என் பொறுப்பு. ஆமாம், துணைக்கு நானும் வருகிறேன். அனுப்புவது யார் தெரியுமா? அத்தை. "வாயுள்ள பொண்ணு நீ, கூடப் போயிட்டு வா" என்கிறார். பால்காரரிலிருந்து மாடி வீடு வரை நாடா கதையைச் சொல்லாத ஆள் இல்லை. கிள்ளியதை மட்டும் விட்டுவிடுகிறார்.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, அத்தான். அந்தக் கவுனைத் தைத்த கை என்னுடையதுதானே. அதைப் பிரித்துப் பாப்பாவுக்கு ஏழு சட்டை தைத்துவிட்டேன். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் மகள் வந்து இறங்குவாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நில்லுங்கள். அக்காவின் காலைப் பார்க்க வேண்டாம், முகத்தைப் பாருங்கள். பாப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எங்க அந்தக் கல்லுளிமங்கி?" என்று கேட்பீர்களே, அது மட்டும் போதும். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்வேன்.

வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மைத்துனி